கதவைச் சாத்தியது நான்

அவர் பூனையிடம்கூட உத்தரவு கேட்டுவிட்டுத்தான் கோப்பு எடுப்பார்.

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த எங்கள் அரசாங்கக் கந்தோரில் பழைய கோப்புகள் அடுக்கிய பதிவறை அவருடைய பொறுப்பு. ஒருநாள் தலைமை லிகிதர் ஏதோ ஒரு கோப்பைக் கேட்டு ஆளனுப்பினார். அது இருந்த கட்டின் மேல் ஒரு பூனை குட்டி போட்டுப் படுத்திருந்தது. இவர் அதன் முன்னால் குந்தியிருந்து, "கொஞ்சம் தரலாமா, பின்னேரம் கொண்டாந்து வச்சிருவன்" என்று கேட்டார். பூனை சீறியது. இவர் எழுந்து நேரே தலைமை லிகிதரின் மேசைக்குப் போனார். "தாய்க்காரி இப்ப ஏலாதாம் சேர். மூணு கிழமை பொறுக்கச் சொல்றா" என்றார். அன்றைக்குத் தலைமை லிகிதர் போட்ட சத்தம் இறங்குதுறை வரைக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் கோப்பு மூன்று கிழமை கழித்துத்தான் வந்தது, பூனை மயிரோடு.

முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிறபடி கந்தோரில் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டோம், தமிழ் ஆட்களும்கூட. கிண்ணியாவிலிருந்து தினமும் பாதையில் ஆற்றைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வருவார். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சேட்டு, கக்கத்தில் குடை, தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிற குரல். அவருக்குப் பெயர் இருந்தது. அதை இங்கே எழுதும் உரிமை எனக்கு இல்லை என்று நினைக்கிறேன். ஒரு தரம் அந்தப் பெயர் என்னால் பட்ட பாடு போதும்.

நான் தட்டெழுத்து வேலையில் சேர்ந்த முதல் நாள், என் மேசைக்கருகே யன்னல் பக்கம் ஒரு கோப்போடு வந்து, "தங்கச்சி, இந்த வெளிச்சத்துல கொஞ்சம் நிக்கலாமா? ஒங்கட வெளிச்சம் குறையும்" என்றார். நல்ல மனிசன் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழிய எரிச்சல் வரத் தொடங்கியது. கதிரையை இழுக்கக் கேட்பார், பென்சிலைத் தொடக் கேட்பார், தேத்தண்ணிக் கோப்பையை வைக்கக் கேட்பார். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். "மூச்சு விடுறதுக்கும் கேப்பீங்களோ நானா?" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "அத விடிய சுபஹுத் தொழுகையிலயே கேட்டுட்டன் தங்கச்சி" என்றார்.

மனதை அமைதிப்படுத்திப் படிக்க வைக்கிற வித்தை அவருக்குத் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. ஹிப்னாட்டிசம் என்று படித்தவர்கள் சொன்னார்கள், மயக்குவித்தை என்று மற்றவர்கள் சொன்னார்கள். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது கழித்த சாமான்களை ஏலத்தில் விட்டார்கள். அதில் அவர் ஒரு எனாமல் பேசின் வாங்கினார். பேசினுக்குள் அந்த வித்தையைச் சொல்லும் புத்தகம் ஒன்று கிடந்தது. முதல் பக்கத்தில் யாரோ ஒரு மாலுமியின் பெயரும் இங்கிலாந்து விலாசமும் இருந்தன. வேறு யாராக இருந்தாலும் புத்தகத்தை விரித்திருப்பார்கள். இவர் அந்த விலாசத்துக்கு, "தங்கள் புத்தகம் என்னிடம் உள்ளது, வாசிக்கலாமா?" என்று எழுதிப் போட்டார். ஒரு வருடம் காத்திருந்தார். பதில் வரவில்லை. வேண்டாம் என்று எழுதாததால் வாசிக்கலாம் என்றுதானே அர்த்தம் என்று ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் முதல் பக்கத்தைத் திருப்பினாராம். இதை அவரே எனக்குச் சொன்னார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

லிங்கநகரிலிருந்து வந்த இளம் லிகிதர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு அவரிடம் போனார். பஸ்ஸில் பார்க்கிற ஒரு பெண் தன்னைத் திரும்பிப் பார்க்கும்படி செய்யவேண்டுமாம்.

"அந்தப் புள்ளைட்ட கேட்டீங்களா தம்பி?"

"கேக்கத் துணிவிருந்தால் நான் ஏன் நானா உங்களட்டை வாறன்?"

"அப்ப என்னட்டயும் வராதீங்க."

இவ்வளவுதான் கதை. அவர் அதட்டிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

இனி என் கதைக்கு வரவேண்டும். சிங்களம் அரசகரும மொழியான பிறகு எங்களைப் போன்ற புதிய உத்தியோகத்தர்கள் சிங்களச் சோதனை பாஸ் பண்ணவேண்டும். பண்ணாவிட்டால் முதலில் சம்பள உயர்ச்சி நிற்கும், பிறகு வேலையே நிற்கும். அப்பா தளத்தில் வேலை செய்தவர். வெள்ளைக்காரனோடு அவருடைய வேலையும் போய்விட்டது. அதற்குப் பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். நான் இரண்டு தரம் சோதனை எழுதி இரண்டு தரமும் தவறிவிட்டேன். மூன்றாவதுதான் கடைசி.

படிக்காமல் இல்லை. வீட்டில் எல்லாம் வரும். என் தங்கச்சி புத்தகத்தைப் பிடித்துக் கேட்டால் ஒரு சொல் பிழைக்காது. மண்டபத்துக்குள் காலை வைத்தவுடன் படித்ததெல்லாம் வாசலில் செருப்போடு கழன்றுவிடும். கை குளிர்ந்து பேனை வழுக்கும். இரண்டாம் தரம் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து சத்தி எடுத்தேன்.

அந்தச் செய்தி கந்தோருக்கு வந்து ஒரு கிழமை, நானா என் மேசைப் பக்கம் வருவதும் போவதுமாக இருந்தார். எட்டாம் நாள்தான் வாய் திறந்தார்.

"தங்கச்சி, ஒண்டு சொல்லலாமா? வேணாமெண்டா சொல்லல்ல."

அப்படித்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் நான் பதிவறைக்குப் போகத் தொடங்கினேன். பதினொரு நாள் போனேன். சாகும்வரை அந்த எண்ணிக்கை எனக்குப் பிழைக்காது.

சங்கிலியில் மணிக்கூட்டைக் கட்டி ஆட்டுவது படத்தில்தான் என்றார். பழைய கோப்புக் கட்டு ஒன்றில் அரக்கு முத்திரை ஒன்று இருந்தது. அதன் சிவப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். தான் நாலடி தள்ளி, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். கதவு மூடாமல் இருக்க நங்கூரச் சங்கிலியின் துருப்பிடித்த வளையம் ஒன்றை அடியில் வைத்திருந்தார். வெளியே மரவாங்கில் பியோன் உட்கார்ந்து சாப்பிடவேண்டும், அதையும் பியோனிடம் கேட்டு ஒழுங்கு பண்ணியிருந்தார்.

"நான் அஞ்சு வரைக்கும் எண்ணுவன். நடுவுல வேணாமெண்டா கண்ணத் தொறந்துடுங்க, நான் கோவிக்க மாட்டன். ஒங்களுக்கு ஆறுதலான எடம் எது?"

மற்றவர்கள் கடல், கோயில் என்று சொல்வார்களாம். நான் அம்மா சமைக்கிற குசினி என்றேன். அவருக்குச் சந்தோசம். கண் மூடியதும் மனதில் அந்தக் குசினி வாசலுக்குப் போவோம், அவருடைய குரல் வாசலிலேயே நிற்கும், நான் மட்டும் உள்ளே போவேன். சிங்கள விண்ணப்பத்தின் முதல் வரியைத் தேங்காய் திருவலையில் வைத்தோம். வினைச்சொற்களை அம்மியில் வைத்தோம். கடிதத்தை முடிக்கிற வரி தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில். பிறகு பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அழுத்தச் சொன்னார். "சோதனையில பயம் வந்தா இப்படி அழுத்துங்க. குசினி வரும். பயம் வெளிய நிக்கும்."

ஒவ்வொரு நாளும் எழுப்பும்போது ஒரே வார்த்தைதான். "இங்க நடந்ததெல்லாம் ஒங்களுக்கு ஞாபகம் இரிக்கும். புடிக்காதது இருந்தா இங்கயே வச்சிட்டுப் போங்க."

பத்தாம் நாள் வாடைக்காற்று அடித்தது. கோப்புத் தாள்கள் பறந்தன, கதவு வளையத்தோடு இழுபட்டு அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அரக்கைப் பார்க்க முடியவில்லை. சோதனைக்கு மூன்று நாள்தான் இருந்தது. நான் எழுந்து போய் வளையத்தைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அவர் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். "தொறந்து வைக்கலாமா தங்கச்சி?"

"வேண்டாம் நானா. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஏலாது."

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் கதிரையை இன்னும் இரண்டடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். தேத்தண்ணி வாங்கப் போயிருந்த பியோன் திரும்பி வந்தபோது சாத்திய கதவைத்தான் கண்டான்.

சோதனை மண்டபத்தில் மணி அடித்ததும் கை குளிரத் தொடங்கியது. விரல்களை அழுத்தினேன். தேங்காய் திருவுகிற சத்தம் கேட்டது. உண்மையாகக் கேட்டது. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா. நான் திருவலையிலிருந்து முதல் வரியை எடுத்து எழுதினேன், பிறகு அம்மிக்குப் போனேன். மணி முடிய நான் குடத்தடியில் நின்றேன், தாள் நிறைந்திருந்தது.

பாஸ் என்று கடிதம் வந்த அன்று கந்தோரே என் மேசையைச் சுற்றி நின்றது. கூட்டம் கலைந்த பிறகு நானா வந்தார். ஒரு கடதாசிச் சரையில் கல்கண்டு வைத்திருந்தார். அந்தக் கிழமைதான் அவருக்கு மகள் பிறந்திருந்தது. "நானும் கொஞ்சம் சந்தோசப்படலாமா தங்கச்சி?" என்றார். "நல்லாப் படுங்கோ" என்றேன். அப்போது அவர் சிரித்த சிரிப்பை நான் வேறு யாரிடமும் காணவில்லை.

மொட்டைக் கடிதம் அதற்குப் பிறகு வந்தது. யார் எழுதியது என்று இன்றைக்கும் தெரியாது, தெரிந்து என்ன செய்ய. பதிவறையில் பெண்களை மயக்கிக் கதவைச் சாத்துகிறார்கள் என்று கொழும்புக்கு எழுதியிருந்தார்கள். விசாரணைக்கு ஒரு பெரிய அதிகாரி வருவதாக அறிவித்தார்கள். அந்த மாதம்தான் திரியாயிலிருந்து எனக்குச் சம்பந்தம் பேசி வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வாத்தியார். குறிப்புப் பொருந்தி, நாளும் குறித்தாயிற்று.

அம்மா அழவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே சொன்னா.

"நீயா விரும்பிப் போனதெண்டு சொன்னால் எங்கடை மானம் கப்பலேறிப் போகும். நித்திரை எண்டு சொல்லு. நித்திரை கொண்டவளிலை ஆர் பிழை பிடிக்கிறது?"

பழியை அம்மா மேல் போட்டுவிட்டு நான் தப்ப வரவில்லை. அவ சொன்னது ஒரு வழி. நடந்து போனது நான்.

விசாரணை தலைமை லிகிதரின் அறையில் நடந்தது. அதிகாரி தமிழர், வயதானவர், என்னைக் கண்டதும் முகத்தை இளக்கிக்கொண்டார். நானா சுவரோரமாக ஒரு கதிரையில் இருந்தார். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் இருக்கவேண்டும் என்பது சட்டமாம்.

"பயப்படாதையும் பிள்ளை. நீர் அந்த அறைக்குள்ளை எத்தினை தரம் போனனீர்?"

"ரெண்டு மூண்டு தரம்."

"இவர் உம்மை நித்திரையாக்கினவரோ?"

"ஓம்."

"அந்த நேரம் என்ன நடந்ததெண்டு உமக்குத் தெரியுமோ?"

கை குளிர்ந்தது, சோதனை மண்டபத்தில் குளிர்ந்த அதே மாதிரி. அதிகாரி எனக்கு உதவி செய்ய நினைத்தார். "ஞாபகம் இல்லாமலும் இருக்கலாம். அதிலை உம்மிலை ஒரு பிழையுமில்லை" என்றார்.

அப்போது நான் செய்ததை இவ்வளவு காலமும் யாருக்கும் சொன்னதில்லை. மேசைக்குக் கீழே பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அழுத்தினேன். குசினி வந்தது. தேங்காய் திருவும் சத்தம் வந்தது. பயம் வெளியே போய் நின்றது. அவர் எனக்குப் பழக்கிவிட்டதை வைத்து, அவரை முன்னால் இருத்திக்கொண்டு, குரல் நடுங்காமல் சொன்னேன்.

"எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை."

"கதவைச் சாத்தினது ஆர்?"

"ஞாபகமில்லை."

முதல் தரம் சொன்னதை விட இரண்டாம் தரம் லேசாக வந்தது.

அதிகாரி நானாவின் பக்கம் திரும்பி, "சாட்சியிட்டை நீர் ஏதும் கேக்கவேணுமோ? உமக்கு உரிமை இருக்கு" என்றார். காலமெல்லாம் கேட்டுக்கேட்டே வாழ்ந்த மனிதர் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலையைக் குனிந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தை அடக்குகிறார் என்று நான் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

தரத்தைக் குறைத்து, கந்தளாய்ப் பக்கம் ஒரு களஞ்சியத்துக்கு அவரை மாற்றினார்கள். போகிற அன்று ஒவ்வொரு மேசையாகப் போய், "போயிட்டு வரலாமா?" என்று கேட்டாராம். என் மேசையடிக்கும் வந்து நின்றாராம். நான் பெண்களின் கழிப்பறைக்குள் போய்க் கொளுக்கி போட்டுக்கொண்டு நின்றேன். வெகுநேரம் நின்றேன். வெளியே வந்து பார்த்தபோது, கதவுக்கு வைக்கிற அந்தச் சங்கிலி வளையத்தைப் பியோன் குப்பையோடு கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.

எனக்குக் கலியாணம் நடந்தது. என் கணவர் நல்ல மனிதர். விசாரணைக் கதையை அவர் கேள்விப்பட்டிருந்தார், அதாவது நான் சொன்ன கதையை. அப்பாவிப் பெண் ஒருத்தியை யாரோ மயக்கப் பார்த்தான், தெய்வம் காப்பாற்றியது என்பதுதான் அவர் அறிந்தது. எப்போதாவது அந்தப் பேச்சு வந்தால் என் தலையைத் தடவி, "நல்ல காலம், தப்பினாய்" என்பார். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒன்றும் சொல்லாமலே இருந்து இருந்து அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது.

பதினெட்டு வருடம் போயிற்று. கணவர் மூதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகியிருந்தார். ஒருநாள் பட்டணத்திலிருந்து திரும்புகிறோம். கிண்ணியாத் துறையில் பஸ்ஸைப் பாதை மிதவையில் ஏற்றினார்கள், ஆட்கள் இறங்கி ஓரமாக நின்றோம். கணவர் கச்சான் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு இரண்டு முழம் தள்ளி நின்றார்.

"தங்கச்சி, இதுல கொஞ்சம் நிக்கலாமா?"

திரும்புவதற்கு முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. தாடி முழுக்க நரைத்திருந்தது. குடை அதே கக்கத்தில். பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண்பிள்ளை, கையில் லேஞ்சித் துண்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.

"நில்லுங்கோ நானா" என்றேன்.

"மகள். பட்டணத்துல டொக்டர்ட்ட காட்டிட்டு வாறம். சோதனைக்குப் போனா கை வெறைச்சுப் போகுது. ஊட்டுல எல்லாம் சொல்றா, அங்க போனா ஒண்டும் வரல்ல. ரெண்டு தரம் போச்சு. அடுத்த மாசம் கடைசித் தரம். டொக்டர் நரம்புல பிழையில்ல எண்டுட்டாரு."

கல்கண்டு கொடுத்த கிழமை பிறந்த பிள்ளை. சோதனையில் எனக்கு வந்த வருத்தமே அந்தப் பிள்ளைக்கும்.

"நீங்கள் அவவுக்கு…" என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

"அத அண்டைக்கே வுட்டுட்டன் தங்கச்சி. பொஸ்தகத்தையும் கடல்ல போட்டுட்டன்." பாதை கரையை விட்டு நகர்ந்தது. அவர் குடையை மற்றக் கக்கத்துக்கு மாற்றினார். "ஒங்களட்ட ஒண்டு கேக்கலாமா? பதினெட்டு வருசமாக் கேக்க நெனச்சது. வேணாமெண்டா கேக்கல்ல."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருக்கமாட்டார். "கேளுங்கோ" என்றேன்.

"நீங்க ஞாபகமில்ல எண்டு சொன்னீங்க. நான் ஒவ்வொரு நாளும் எல்லாம் ஞாபகம் இரிக்கும் எண்டு சொல்லித்தான் எழுப்பினன். அப்ப எங்கயோ நான் பிழை வுட்டிருக்கன். எந்த எடத்துல எண்டு இன்னமும் புடிபடல்ல. அதுக்குப் பொறகு ஒங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் வந்திச்சா? கொஞ்சமாச்சும்? வந்திருந்தா இந்தப் புள்ளைக்கு நான் செய்வன். இல்லாட்டி வேணா. பெத்த புள்ளைட மனச நான் கெடுக்க ஏலா."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனிதர் என்னை நம்பியிருக்கிறார். நான் பொய் சொன்னேன் என்று ஒரு நாளாவது அவருக்குத் தோன்றவில்லை. அன்று விசாரணை அறையில் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது கோபத்தில் அல்ல, தன்னால் ஒரு பெண்ணின் மனதுக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்ற பயத்தில். அவர் வந்து ஏசினால் என்ன சொல்வது என்று நான் பதினெட்டு வருடமாக வசனம் தேடி வைத்திருந்தேன். இதற்கு என்னிடம் வசனம் இல்லை.

எல்லாம் ஞாபகம் இருக்கு நானா, கதவைச் சாத்தினது நான்தான், பிள்ளைக்குச் செய்யுங்கோ. இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டு முழம் தள்ளிக் கச்சான் கொறிக்கிற சத்தம் நின்றுவிட்டது. கணவர் எங்கள் பக்கம் திரும்பியிருந்தார்.

என் கை குளிர்ந்தது. விரல்கள் தாமாகவே சேர்ந்து அழுத்திக்கொண்டன.

"இல்லை நானா. ஒண்டும் ஞாபகம் வரேல்லை."

அவர் நெஞ்சில் கை வைத்துப் பெரிதாக மூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ். கேட்டது நல்லதாப் போச்சு. மனசு கேக்காம நாளைக்குச் செய்யத்தான் இருந்தன்." மகளிடம் திரும்பி, "பாத்தீங்களா மகள், வேணா" என்றார். அந்தப் பிள்ளை தலையாட்டியது. அதன் கண் மட்டும் என் கையில், ஒட்டிக்கிடந்த விரல்களில் நின்றது.

பாதை கரை தட்டியது. "அப்ப நாங்க போயிட்டு வரலாமா தங்கச்சி?" என்றார். என் பதிலுக்காக நின்றார். நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

"ஆர் அது?" என்றார் கணவர்.

"முந்திக் கந்தோரிலை வேலை செய்தவர்."

"நல்ல மரியாதையான மனிசன்" என்றார். கச்சான் சரையை என்னிடம் நீட்டினார்.

அந்தப் பிள்ளை சோதனை எழுதியதா, என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. கிண்ணியா ஒன்றும் தூர தேசமில்லை. பாதை ஏறினால் ஆகிற காரியம். கால் எழவில்லை. பிறகு அவர் காலமாகிவிட்டதாக யாரோ பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். இனி யாரிடம் போய்ச் சொல்வது.

அவர் சொன்னபடியே எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அரக்கின் சிவப்பு, பதினொரு நாள், காற்றில் அடித்த கதவு, அவர் பின்னால் இழுத்துப் போட்ட கதிரை. பிடிக்காததை அந்த அறையிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று அவர் உத்தரவு தந்திருந்தார், என்னால் ஒன்றையும் வைத்துவிட்டு வர முடியவில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்தால் இப்போது குசினி வருவதில்லை. பாதையில் நின்று நெஞ்சில் கை வைத்து மூச்சுவிட்ட அந்த முகம்தான் வருகிறது. அந்த இரண்டு விரலும் சேராதிருக்க, ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிடுகிறேன், கண் தெரியவில்லை என்று சொல்லி. கறிக்கு உப்பைக் கரண்டியால்தான் போடுகிறேன்.